உட்கார்ந்தால் வெங்காயம்

பரளச்சியில் மழைக்குப் பஞ்சம் உண்டு. யோசனைக்குப் பஞ்சமே கிடையாது. “அடுப்படியைக் கொஞ்சம் இழுத்துக் கட்டலாம்னு இருக்கோம்” என்று டீக்கடையில் ஒரு வார்த்தை விட்டால் போதும், கிளாஸ் காலியாவதற்குள் வரைபடம் கைக்கு வந்துவிடும். அக்னி மூலையை விட்டு அடுப்பு நகரவே கூடாது என்பார் ஒருவர். நகர்ந்தால் என்னென்ன நடக்கும் என்பதை, சொந்த மச்சான் வீட்டை உதாரணம் காட்டி அடுத்தவர் விளக்குவார். துபாயில் இருந்துவிட்டு வந்தவர், அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவே சுவரே இருக்கக்கூடாது என்பார். இவர்கள் எல்லாருக்கும் பொதுவான தகுதி ஒன்று உண்டு: அவரவர் வீட்டில் வெந்நீர்கூடப் போட்டதில்லை. அந்தத் தகுதி எனக்கும் குறைவில்லாமல் இருந்ததால், வீட்டின் திட்டக்குழுத் தலைவராக என்னை நானே நியமித்துக்கொண்டேன்.

திட்டம் இதுதான்: அடுப்படியில் இன்னொரு மேடை போடுவது. கூடுதல் மேடை எதற்கு என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டு அரசியல் கொஞ்சம் ஞாபகம் இருக்கவேண்டும். அம்மா கல்யாணமாகி வந்தபோது இந்த அடுப்படியில் மேடை என்று எதுவும் கிடையாது. மண் அடுப்பு தரையில், அம்மி தரையில், ஆட்டுரல் தரையில், அம்மாவும் தரையில். காய் நறுக்க அரிவாள்மணை, தேங்காய்க்குத் துருவுபலகை. அந்த இரண்டிலும் உட்காரும் பலகையும் அறுக்கிற இரும்பும் ஒரே சாமான்தான். மேலே ஆள் உட்கார்ந்தால்தான் ஆடாது. இன்று மதுரைக் கடைகளில் ‘இருக்கையோடு சேர்ந்த பணியிடம்’ என்று தனியாகக் காசு கேட்கிறார்களே, அதை எங்கள் அப்பத்தா ஒரு காலை மடக்கி அதன்மேல் உட்கார்ந்தே முடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

கேஸ் வந்ததும் எல்லாம் எழுந்து நின்றது. சிலிண்டரைவிட அடுப்பு உயரத்தில் இருக்கவேண்டும் என்பது பாதுகாப்பு விதி. அப்பா ஒரு கடப்பா கல்லைப் பதித்து, அடுப்பை மேலே ஏற்றி, அம்மாவையும் எழுப்பி நிற்கவைத்தார். 2007இல் அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுக்க ஆரம்பித்தபோது ஊரில் பல வீடுகளில் இதே கதைதான். பிறகு 2011இல் இலவச மிக்சியும் கிரைண்டரும் வந்தன. கோயம்புத்தூரில் 1955இல் சபாபதி என்பவர் ஆட்டுரலுக்கு மோட்டார் மாட்டிக் கொடுத்து அது நாடெல்லாம் பரவியது; அரசு கொடுத்ததோ மேடைமேல் ஏறி உட்காரும் டேபிள் டாப். உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான், இறங்கவே இல்லை. ஆக ஆட்சிக்கு ஒன்றரை அடி வீதம் எங்கள் கடப்பா கல் பறிபோயிற்று. மிச்சத்தை மைத்துனர் கொடுத்த ஓவன் பிடித்துக்கொண்டது. அதைச் சமையலுக்கு யாரும் திறப்பதில்லை. உள்ளே அம்மாவின் பிரஷர் மாத்திரைகள் இருக்கின்றன. இவ்வளவுக்கும் நடுவில் என் சம்சாரம் முருங்கைக்காயைக் கிரைண்டர் மூடியின்மேல் வைத்து நறுக்கிக்கொண்டிருந்தாள். தேங்காய் உடைக்க வாசல்படிக்கு வந்துகொண்டிருந்தாள்.

மதுரையில் ஒரு மாடுலர் கிச்சன் கடைக்குப் போனோம். கடை முழுக்க ஏசி. கம்ப்யூட்டரில் எங்கள் அடுப்படியைப் படமாகப் போட்டுக் காட்டினார்கள். அடேயப்பா, என்ன சுத்தம்! சிலிண்டர் இல்லை. அரிசி மூட்டை இல்லை. ஊறுகாய் ஜாடி, எண்ணெய்த் தூக்கு, கரிப்பிடித் துணி, காலண்டர், எதுவும் இல்லை. காசு கொடுத்துக் குடம் குடமாகத் தண்ணீர் வாங்குகிற ஊர்க்காரனின் அடுப்படியில் பேருக்கு ஒரு குடம் இல்லை. நட்டநடுவே ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் பச்சை ஆப்பிள் மட்டும் ஆறு இருந்தது. பக்கத்தில் பார் கவுண்டர் என்று உயரமாக ஒரு மேடை, அதன்முன் உயரமான இரண்டு ஸ்டூல்களில் ஒரு ஆணும் பெண்ணும் உட்கார்ந்து எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சமைக்கிற ஆளைத்தான் காணோம்.

அந்தப் படத்தில் உட்கார்ந்திருந்த ஆள் நானேதான் என்று எனக்குப் பட்டுவிட்டது. தோசை கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும். நான் பேப்பர் படித்தபடி நாட்டு நடப்பைச் சொல்வேன். சம்சாரம் ‘ஓகோ’ என்பாள். அதற்குத்தானே பார் கவுண்டர்!

“தரையிலேர்ந்து 42 அங்குலம் சார். ஸ்டூல் 30 அங்குலம். முழங்கால் உள்ளே போக கல் ஒரு அடி வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும். ஆளுக்கு ரெண்டு அடி அகலம். உட்கார்ந்து பாருங்க” என்றான் கடைப்பையன்.

நான் வேட்டி கட்டியிருந்தேன். வேட்டியோடு 30 அங்குலம் ஏறுவதற்குமுன் எந்தக் காலை முதலில் தூக்குவது என்று முடிவு செய்யவேண்டும். இரண்டில் எதுவுமே கௌரவமான காலாகத் தெரியவில்லை. எப்படியோ ஏறியாயிற்று. ஏறியதும் கை சும்மா இருக்கவில்லை, அடியில் இருந்த கம்பியைத் தொட்டுவிட்டது. ‘புஸ்’ என்று ஒரு சத்தம். ஸ்டூல் இறங்கியது, கூடவே நானும் இறங்கினேன், கவுண்டர் விளிம்பில் மாட்டிய வேட்டி மட்டும் மேலேயே நின்றுவிட்டது. கடைப்பையன் நல்ல குடும்பத்துப் பிள்ளை. சட்டென்று திரும்பிக்கொண்டு சிம்னி விலைப்பட்டியலைப் படிக்க ஆரம்பித்தான். சம்சாரம்தான் கேட்டாள்: “ஏங்க, அத்தையை இதுல எப்படி ஏத்துறது?”

இத்தனை நடந்தபிறகு ஸ்டூல் வேண்டாம் என்று திரும்பி வந்தால் அது தோல்வி என்று ஆகிவிடாதா? இரண்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நடந்து வந்தேன்.

மற்ற அயிட்டங்களையும் அந்தப் பையன் விடாமல் காட்டினான். நடுவில் தனியாக நிற்கிற ஐலேண்ட் மேடை, சுற்றிலும் ஆள் நடக்க மூன்று மூன்றரை அடி விட்டால் போதும் என்றான். எங்கள் அடுப்படியே எட்டுக்குப் பத்து. சுற்றிலும் மூன்றரை அடி விட்டால் நடுவில் மிஞ்சுவது ஒரு அடிக்கு மூன்று அடி. அதில் மல்லி வேண்டுமானால் உலர்த்தலாம். தவிர, 1985இல் ராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்தபோது ராமேஸ்வரம் உள்பட தீவெல்லாம் அந்தப் பக்கமே போய்விட்டது, விருதுநகர்ப் பக்கம் எங்களுக்கு மிஞ்சியது கரிசல் காடுதான், அதனால் தீவு கேட்டுப் பழக்கமில்லை என்றேன். அவன் சிரிக்கவில்லை. 1985இல் அவன் பிறந்தே இருக்கமாட்டான்.

காய் நறுக்க மேடையிலேயே பதித்த கனமான மரக்கட்டை ஒன்று இருந்தது. விலையைக் கேட்டதும் சம்சாரம் அதைக் கையால் தடவிப் பார்த்தாள். அருப்புக்கோட்டையில் எந்தக் கறிக்கடைக்குப் போனாலும் இதே மாதிரி புளியங்கட்டை கிடக்கும், கூடவே கறியும் கிடைக்கும் என்று என் காதில் சொன்னாள். வெள்ளைக் கிரானைட்டைக் காட்டி “காஷ்மீர் ஒயிட்” என்றான் பையன். காஷ்மீர் எவ்வளவு தூரம், லாரி வாடகை எவ்வளவு ஆகும் என்றெல்லாம் யோசித்து மலைத்துப் போனேன். ஊருக்கு வந்து சொன்னபோது கொத்தனார் பீடியை எடுத்துவிட்டுச் சிரித்தார். “அண்ணே, அது மேலூர்ப் பக்கம் வெட்டுற கல்லு. பேருதான் காஷ்மீரு. வெள்ளைக் கல்லுல மஞ்சத்தண்ணி பட்டா உள்ளுக்குக் குடிச்சிரும், அப்புறம் ஏழு கழுவு கழுவினாலும் போகாது. நம்ம வீட்டுச் சாம்பாருக்குக் கறுப்புதான் லாயக்கு.”

இதற்குள் நான் படிக்க ஆரம்பித்திருந்தேன். படிப்பது வேலை செய்வதைவிடச் சுலபம் என்பதோடு, பார்ப்பவர்களுக்கு வேலை செய்வதுபோலவும் தெரியும். அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றையும் ஒரு முக்கோணமாக வைத்து, மூன்று பக்கத்தையும் கூட்டினால் 13 அடிக்குக் குறையாமலும் 26 அடிக்கு மேல் போகாமலும் இருக்கவேண்டும் என்று அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 1940களில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். டேப்பை எடுத்து அளந்தேன். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் ஹாலில் இருக்கிறது. வருகிறவர்கள் பார்க்கவேண்டுமே! ஆகவே முக்கோணத்தின் ஒரு கோடு சுவரைத் துளைத்து, சாமி படத்துக்குக் கீழே போய், டிவி பார்த்துக்கொண்டிருந்த அம்மாவின் முழங்காலைத் தொட்டுத்தான் அடுப்படிக்குத் திரும்பியது. “கூசுது, எடுய்யா அந்த டேப்பை” என்றாள்.

படித்ததில் எனக்கு நிஜமாகவே பிடித்துப்போனது பிராங்க்பர்ட் அடுப்படி. 1926இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்தில் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வீடுகளுக்கென்று மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் வரைந்தது. சுமார் பத்தாயிரம் வீடுகளில் அதைப் போட்டார்கள். இன்றைய மாடுலர் கிச்சன்களுக்கெல்லாம் அதுதான் பாட்டி. அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், எங்களுடையதைவிட ஒடுக்கம். அரிசி, மாவு, சர்க்கரை என்று பெயர் எழுதிய அலுமினியப் பெட்டிகள் வரிசையாக, இழுத்தால் அப்படியே தூக்கிக் கொட்டலாம். காய்த்தோலைத் தள்ளிவிட மேடையிலேயே ஒரு இழுப்பறை. வேண்டியபோது சுவரிலிருந்து மடக்கி இறக்கிக்கொள்ள இஸ்திரிப் பலகை. எல்லாம் அங்குலம் அங்குலமாக யோசித்தது. இதில் எனக்குத் தெம்பளித்த விஷயம் வேறு. அதை வரைகிறவரை தான் சமைத்ததே இல்லை என்று அந்தம்மாவே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ராத்திரி சாப்பாட்டின்போது இதைச் சத்தமாக அறிவித்தேன். வெந்நீர் போடத் தெரியாதவன் அடுப்படி வரையலாம் என்பதற்கு ஜெர்மனியிலிருந்தே சாட்சி கிடைத்துவிட்டதே!

அம்மா ரசத்தை ஊற்றியபடி கேட்டாள்: “அந்தப் பொண்ணு உக்கார என்னய்யா போட்டிருக்கா?”

படத்தைப் பார்த்தேன். ஜன்னலோரம் ஒரு தாழ்வான மேடை. அதன் முன்னால் ஒரு சுழல் ஸ்டூல், உயரத்தை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். சமைக்கிறவள் உட்கார்ந்து காய் நறுக்குவதற்காகப் போட்டது. வேடிக்கை பார்க்க வருகிறவருக்கு அதில் இடமே கிடையாது. சாப்பிடக்கூட அடுத்த அறைக்குத்தான் போகவேண்டும்.

“அப்ப வேலை செய்யறவளுக்குத்தான் ஸ்டூலு” என்றாள் அம்மா. சம்சாரம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மோர் மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தது.

மறுநாள் காலையில் கொத்தனார் வந்தபோது திட்டக்குழுக் கூட்டம் முடிந்து, தீர்மானமும் நிறைவேறியிருந்தது. தலைவருக்குத் தகவல் இல்லை. கொத்தனார் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டு அம்மாவையும் சம்சாரத்தையும் சுவரோரமாக நிற்கச்சொன்னார். செருப்பு இல்லாமல், முழங்கையை மடக்கி, தோசை திருப்புகிற மாதிரி. முழங்கை மட்டத்தில் ஒரு கோடு. சம்சாரத்துக்கு 38 அங்குலம், அம்மாவுக்கு 35. கோட்டிலிருந்து நாலு அங்குலம் கீழே மேடை வந்தால் தோள் தூக்காமல் வேலை செய்யலாம் என்பது அவர் கணக்கு. இதே கணக்கைத்தான் கடைக்காரர்களின் புத்தகமும் சொல்கிறது, ஆனால் அவர்கள் யாரையும் சுவரோரம் நிற்கவைப்பதில்லை. 34 அங்குலம் என்று ஆணியடித்தாற்போல் எழுதிவிடுகிறார்கள். “அடுப்பு மேடை 34 இருக்கட்டும் அண்ணே. சிங்க்கை ஒரு அங்குலம் ஏத்திப் போடுவோம், தொட்டி ஆழத்துல கை இறங்கினாலும் முதுகு வலிக்காது. சப்பாத்தி தேய்க்கிற பக்கம் ரெண்டு அங்குலம் இறக்கிருவோம். அம்மாவுக்கு மேடையே வேண்டாம்.”

“எனக்கு 42 அங்குலம்...” என்று ஆரம்பித்தேன்.

கொத்தனார் என்னை அழைத்துக்கொண்டுபோய்க் கொல்லைச் சுவரில் ஒரு விரிசலைக் காட்டினார். என் சுண்டுவிரல் உள்ளே போனது. கரிசல் மண் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும்; கூடவே தரையும் ஏறி இறங்கும். நடுத்தரையில் தூண் நிறுத்தி அதன்மேல் நீட்டிக்கொண்டு நிற்கிற கல்லைப் போட்டால், ஐப்பசி மழைக்குத் தூண் ஒரு நூல் எழும்பும், சித்திரையில் கல் ‘டணார்’ என்று வாய் பிளக்கும். சுவரில் காடி எடுத்துச் சொருகிய கல்லுக்கு அந்தப் பயம் இல்லை, சுவரோடு சேர்ந்து அதுவும் ஆடிக்கொள்ளும். வேண்டுமானால் அஸ்திவாரம் வரை தோண்டி, கரிசலை அள்ளி வெளியே போட்டுவிட்டு, கிராவல் அடித்துத் தூண் போடலாம். அதற்கு ஆகிற செலவைச் சொன்னார். பார் கவுண்டர் அந்த நிமிஷமே என் மனசிலிருந்து இறங்கிப் போயிற்று. புஸ் என்ற சத்தம்கூட இல்லை.

கடைசியில் கூடுதல் மேடை எப்படி வந்தது என்றால், ஜன்னலுக்கு அடியில் வீணாய்க் கிடந்த ஐந்தடிச் சுவரில் வந்தது. மிக்சி, கிரைண்டர், ஓவன் மூன்றையும் அங்கே குடியேற்றினோம். எலெக்ட்ரீஷியன் மூன்று பிளக் போட்டார், அதில் ஓவனுக்கு மட்டும் பெரிய பவர் பிளக். இதைச் சொல்லவேண்டும்: எல்லாரும் கல்லுக்கு அலைகிறார்கள், பிளக்கை மறந்துவிடுகிறார்கள். பிளக் இல்லாத மேடை பரண்தான். ஒரு மாதத்தில் அதன்மேல் பழைய செய்தித்தாள் ஏறிவிடும். அடுப்பு மேடைக்கு அடியில் ஆசாரி ஒரு இழுப்புப் பலகை செய்து மாட்டினார். இழுத்தால் வெளியே வரும், காய் நறுக்கலாம், தள்ளினால் போய்விடும். வேம்பில் செய்யச் சொன்னோம், கசப்பு ஏறும் என்று பூவரசிலே செய்தார். இதற்கு அடுத்த தெருவிலிருந்தெல்லாம் ஆள் வந்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

உட்காருகிற விஷயத்துக்கு வருகிறேன். கொல்லை வாசலை ஒட்டி, காற்று வருகிற இடத்தில், 16 அங்குல உயரத்துக்கு ஒரு திண்ணை. ஒன்றரை அடி அகலம், ஐந்தடி நீளம், மேலே அப்பா போட்ட அதே பழைய கடப்பா கல். திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு கட்டடம் கட்டிய லாரி பேக்கர், நாற்காலி மேஜைக்குச் செலவு செய்வானேன், சுவரோடு சுவராகச் செங்கல்லிலேயே இருக்கை கட்டிவிடலாமே என்று ஆயுசு பூராவும் சொல்லிக்கொண்டிருந்தவர். அவருடைய பெயரைச் சொல்லி இந்தத் திண்ணையை என் யோசனையாக மாற்றிவிடலாம் என்று பார்த்தேன். “பேக்கரோ பேக்கரியோ, எங்க ஆத்தா வீட்டுல இருந்ததுதானே இது” என்று அம்மா முடித்துவிட்டாள்.

திண்ணைக்கு அடியில் சாமான் வைக்கலாம் என்பதில்தான் சண்டை வந்தது. மேல்மூடியைத் தூக்குகிற பெட்டி மாதிரி செய்தால் நிறையக் கொள்ளும் என்றேன் நான். “வெங்காயம் எடுக்க ஒரு தடவை எந்திரிக்கணும், உருளைக்கிழங்குக்கு ஒரு தடவை எந்திரிக்கணும். உக்காரப் போட்டதா, எந்திரிக்கப் போட்டதா?” என்றாள் அம்மா. ஆக முன்பக்கம் கதவில்லாமல் திறந்த மாடம். காற்றோட்டத்தில் வெங்காயமும் முளைவிடாமல் கிடக்கிறது. புளி உடைக்கிற மாதத்தில் அம்மா திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்கிறாள். கொட்டை ஒரு பக்கம், கோது ஒரு பக்கம், பழம் மடியில். 30 அங்குல ஸ்டூலில் உட்கார்ந்து புளி உடைத்தால் எப்படி இருக்கும் என்று அவ்வப்போது நினைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

ஸ்டூல்கள் வந்து சேர்ந்தன, அட்வான்ஸ் போனால் போகிறது என்று விட மனமில்லை. ஒன்றின்மேல் 20 லிட்டர் தண்ணீர் கேன் குழாயோடு உட்கார்ந்திருக்கிறது. சொம்பு பிடிக்க அளவெடுத்துச் செய்தாற்போன்ற உயரம். வேண்டும்போது அப்படியே வாசல் பக்கமாகச் சுற்றிவிடலாம். இதையும் ஊரில் இரண்டு பேர் எங்கே வாங்கியது என்று கேட்டுப் போனார்கள். இன்னொன்று வெள்ளையடிக்கிறவர்களிடம் இரவல் போய்விட்டு வருகிறது.

திண்ணையால் எனக்கு வந்த கஷ்டம்தான் யாரிடமும் சொல்லக்கூடியதாக இல்லை. ஆசைப்பட்ட மாதிரியே அடுப்படியில் எனக்கு ஒரு இடம் கிடைத்துவிட்டது. பேப்பரோடு போய் உட்கார்ந்தேன். நாட்டு நடப்பை ஆரம்பிக்கவில்லை, அதற்குள் மடியில் ஒரு முறம் இறங்கியது. முறம் நிறையச் சின்ன வெங்காயம். திண்ணையில் யார் உட்கார்ந்தாலும் அதுதான் சட்டம் போலிருக்கிறது. எப்போது போட்டார்கள், யார் போட்டார்கள் என்பது தெரியவில்லை. சின்ன வெங்காயத்தை உரிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. தண்ணீரில் கொஞ்சநேரம் போட்டு, வால் பக்கம் கிள்ளி, அங்கிருந்து தோலை இழுக்கவேண்டும். தலைப் பக்கம் ஆரம்பித்தால் ஒவ்வொரு பொடித்தோலாகப் பிய்த்துக்கொண்டு சாயங்காலம் வரை அழவேண்டியதுதான்.

நான் முணுமுணுத்ததைக் கேட்டு அம்மா சொன்னாள்: “திருச்சுழியில பொறந்த ரமணசாமியே திருவண்ணாமலையில விடியக்காலம் எந்திரிச்சு ஆசிரமத்து அடுப்படியில காய் நறுக்குனாராம்யா. அவருக்கு வராத கௌரவக் குறைச்சல் உனக்கு என்ன வந்துருச்சு?”

அது உண்மைதான். 1879இல் இதோ பக்கத்துத் திருச்சுழியில் பிறந்தவர், ஊர் உலகமே தரிசனத்துக்குக் காத்திருந்த காலத்திலும் அதிகாலையில் ஆசிரமச் சமையற்கட்டில் உட்கார்ந்து மற்றவர்களோடு காய் நறுக்கினார், துவையல் அரைத்தார். அவரைக் காட்டியபிறகு மேல்முறையீடு செய்ய எந்தக் கோர்ட் இருக்கிறது? அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கமுதியிலிருந்து தாய்மாமா வந்திருந்தார். புது அடுப்படியைப் பார்த்தே தீருவேன் என்றார். மேடையைத் தட்டிப் பார்த்தார், இழுப்புப் பலகையை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார், கறுப்புக் கல்லில் மீசையைச் சரிசெய்துகொண்டார். திண்ணையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. “பேஷ், மாப்ளே! காத்து என்னமா வருது! அக்கா, காப்பியை இங்கேயே கொண்டா” என்று துண்டை உதறி, உட்காரக் குனிந்தார். குனிந்தவர் மூலையில் முறத்தோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். என் கண்ணைப் பார்த்தார். மறுபக்கத்தில், யாருக்காகவோ தயாராக, இன்னொரு முறம் இருப்பதையும் பார்த்தார்.

துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு நிலைப்படிக்கு நகர்ந்தார். “வேண்டாம்க்கா. பஸ்ஸுல உக்காந்தே வந்தது இடுப்பு பிடிச்சுக்கிச்சு. நான் நின்னுக்கிட்டே குடிச்சுக்கிறேன்” என்றார்.